விதைச்சவன் ஒருத்தன், அறுக்கிறவன் ஒருத்தன்

‘விளைவுகளைச் சந்திக்க நேரிடும்’ என்று டிவியில் யாராவது சொன்னால் மிரட்டுகிறார்கள் என்று அர்த்தம். பேப்பரில் பின்விளைவு, மாத்திரை அட்டையில் பக்கவிளைவு. டவுனுக்குப் போனதும் இந்த வார்த்தைக்குக் கெட்ட பேர் வந்துவிடுகிறது. எங்களுக்கு விளைச்சல், விளைநிலம், விளைவு எல்லாம் ஒரு குடும்பம். ‘இந்தத் தடவ நல்லா வெளைஞ்சிருக்கா?’ன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டுத்தான் பதில் சொல்லுவோம்.

பலனும் அப்படித்தான். ‘தென்னை பலனுக்கு வந்துட்டு’ன்னா சந்தோஷம். ‘செஞ்சதுக்குப் பலன அனுபவிக்கான்’னா கதையே வேற.

வினை என்ற சொல் இன்னும் வேடிக்கை. பள்ளிக்கூடத்தில் வினைச்சொல் என்றால் செயலைச் சொல்வது. ஊரில் ‘வினையாப் போச்சு’ன்னா அந்தச் செயலால் வந்த கேடு. செய்வதற்கும் அதே சொல், பட்டுத் தீர்ப்பதற்கும் அதே சொல். செய்தவன் மேலேயே அது திரும்பி வரும் என்று நம்பியவர்கள் பேச்சு. வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்ற பழமொழியும் அதைத்தான் சொல்லுது.

ஒரு வயல், ஒரு ஆள் என்றால் இந்தக் கணக்கு சரி. ஆத்துப் பாசனத்தில்தான் உதைக்குது.

தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு. ஆறாவதான சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய் பிரிஞ்சு, டவுனைக் கடந்து, எங்க பக்கத்து நயினார்குளத்துக்கு வருது. மேல்மடையில் ஒருத்தர் தனக்குக் கூடுதலாத் தண்ணியைத் திருப்பிக்கிட்டா, கடைமடையில் பிசான நெல்லு காயும். திருப்பினவர் வயலில் அந்த வருசமும் நல்ல விளைச்சல்தான். விதைச்சது ஒருத்தர், அறுக்கிறது வேற ஒருத்தர்.

மணல் விசயத்தில் இதைவிடப் பெருசாப் பார்த்தோம். ஆத்து மணல் தண்ணியைக் குடிச்சு வச்சுக்கிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா விடும். அதை அள்ளினா ஆத்துப் படுகை எறங்கும். கரையோரக் கிணத்தில் தண்ணி எறங்கும். வாய்க்கால் தலை மேலே நிற்கும், தண்ணி கீழே போகும். அள்ளினவன் லாரியோட போயிட்டான். ஒரு கூடை மணல்கூட எடுக்காதவன் கிணத்தைத் தோண்டிக்கிட்டு இருந்தான்.

அப்போ நாங்க என்ன சொல்லுவோம்? ‘விதி’ம்போம். ‘தலையெழுத்து’ம்போம். கணக்கு எடுக்க வாரவங்க ‘பாதிப்பு’ன்னு எழுதுவாங்க. இந்த மூணு வார்த்தையிலும் செஞ்சவன் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாப் படுது. பேச்சிலேயே ஆள் காணாமப் போன பிறகு யாரைப் போய்க் கேட்க?

ஒரு பெரியவர் கேட்டார். தோழர் நல்லகண்ணு, எட்டாவது அணைக்கட்டு இருக்கும் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்தவர். மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் தானே நின்று வாதாடினார். 2010-ல் தாமிரபரணியில் ஐந்து வருசத்துக்கு மணல் அள்ளத் தடை வந்தது. தலையெழுத்துன்னு விட்டிருந்தா அந்த உத்தரவு வந்திருக்காது.

நாங்களும் யாருக்கோ மேல்மடைதான். திருநெல்வேலிச் சாக்கடை ஆத்தில் கலந்தா, அது கீழே உள்ளவங்க குடிக்கிற தண்ணி.

எல்லாருக்கும் மேலே பாபநாசம். பேரே பாவத்தைத் தொலைக்கிற இடம். உடுத்தின துணியோட பாவமும் போகட்டும்னு ஆத்திலேயே விட்டுட்டுப் போறாங்க. பாவம் கரையுதோ என்னவோ, பாலியெஸ்டர் கரையாது. அள்ள அள்ள வருது.

மெட்ராஸ், பெங்களூர்ல இருந்து வாரவங்க தாராளமா வாங்க, ஆசை தீரக் குளிங்க. நல்ல தண்ணி. துணியை மட்டும் பையில் போட்டு எடுத்துட்டுப் போயிருங்க. கீழே புன்னக்காயல் வரைக்கும் ஆளு இருக்கு.