தாமதமாய் வந்த கடிதம்

சென்ற கோடை விடுமுறையில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து நம் தங்கை, மகளுடன் தில்லி வந்திருந்தாள். ஐந்தாம் வகுப்புக்குச் செல்லவிருந்த அக்குழந்தை, விடுமுறைப் பாடமொன்றையும் சுமந்து வந்தது. அந்நாட்டின் தொடக்ககாலப் போர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். "அண்ணா, நீங்கள் சரித்திரத்தில் பி.ஏ. படித்தவர்தாமே, சொல்லிக் கொடுங்களேன்" என்றாள் தங்கை. இருபதாண்டுகளாக மத்திய அரசு அலுவலகமொன்றில் தபால்களைப் பதிந்தும் அனுப்பியும் வரும் நமக்கு, படித்த படிப்பை ஒருவர் நினைவூட்டினால் உள்ளம் குளிராதா? உடனே இசைந்தோம்.

மறுநாள் மாலையே குடியிருப்பின் மொட்டை மாடியில் வகுப்பு தொடங்கிற்று. நான்காம் வகுப்புப் படிக்கும் நம் மகனும் அண்டை வீட்டுச் சிறுவர் இருவரும் சேர்ந்துகொண்டனர். 1770-இல் பாஸ்டன் நகரில் ஆங்கிலப் படையினர் கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் ஐவர் மாண்டது, 1773 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டியது, 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் சண்டை மூண்டது, 1781-இல் யார்க்டவுனில் காரன்வாலிஸின் படை சரணடைந்தது என வரிசையாகச் சொன்னோம். அந்தக் காரன்வாலிஸ்தான் பின்னர் நம் நாட்டுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்தார் என்றதும் சிறுவர் கைகொட்டிச் சிரித்தனர். துடைப்பக் குச்சிகள் துப்பாக்கிகளாயின. ஆங்கிலேயனாக நடிக்க மட்டும் ஒருவரும் முன்வரவில்லை. நமக்கோ பெருமை தாங்கவில்லை.

அப்போது தங்கை மகள் கேட்டாள்: "மாமா, எங்கள் மாநிலத்தின் பெயரே அங்கே முன்பு வாழ்ந்த ஒரு குடியின் பெயர்தான். நீங்கள் சொன்ன கதையில் அவர்கள் எங்கே?"

விடை கூற இயலாமல், "நாளை சொல்கிறேன்" என்று எழுந்துவிட்டோம்.

இரவெல்லாம் படித்து மறுநாள் கூறினோம். 1621-இல் வாம்பனோக் குடியின் தலைவர் மாசசாய்ட், பிளிமத்தில் வந்திறங்கிய ஆங்கிலக் குடியேறிகளோடு அமைதி உடன்படிக்கை செய்துகொண்டார். 1637-இல் மிஸ்டிக் என்னுமிடத்தில் பீக்வாட் குடியினரின் ஊரொன்று அதிகாலையில் தீக்கிரையாக்கப்பட்டது. பெண்டிரும் பிள்ளைகளுமாக நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர். குடியேறிகள் பெருகப் பெருகப் பழங்குடியினரின் நிலம் சுருங்கிற்று, பகை வளர்ந்தது. 1675-இல் மாசசாய்ட்டின் மகன் மெட்டகாம் போர் தொடுத்தார். குடியேறிகளின் ஊர்கள் பலவும் எரிந்தன. அடுத்த ஆண்டே அவர் கொல்லப்பட்டார். அவருடைய சிறு மகன் அடிமையாக விற்கப்பட்டான்.

"அவனுக்கு என்ன வயது, அப்பா?" என்றான் நம் மகன்.

"ஏறத்தாழ ஒன்பது" என்றோம். அவனுக்கும் ஒன்பதே. அன்று குச்சிகளை எவரும் தொடவில்லை. இரவு அவன் நெடுநேரம் புரண்டு கிடந்தான். "பச்சைக் குழந்தைகளிடம் இதையெல்லாமா சொல்வது?" என்று இல்லாள் கடிந்துகொண்டாள். அவள் கூற்றிலும் நியாயமிருந்தது. மறைத்தால் பொய்யாகிறது; முழுதும் சொன்னால் பிஞ்சு நெஞ்சுக்குப் பாரமாகிறது. என் செய்வதென்று அறியாமல் மீண்டும் நூல்களைப் புரட்டினோம். அங்கே எதிர்ப்பட்டது நம் சொந்த ஊர்!

1778-இல் பிரான்சு அமெரிக்கரின் பக்கம் சேர்ந்ததனால் அப்போர் நம் கடற்கரைக்கும் வந்தது. 1783 ஜூனில், நாம் பிறந்த கடலூரைப் பிரெஞ்சுக்காரர் காத்து நிற்க, ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். தரையிலும் கடலிலும் கடும்போர் நிகழ்ந்தது. இரு தரப்பிலும் இந்தியச் சிப்பாய்கள் நின்று போரிட்டனர். ஆனால் இங்கிலாந்தும் பிரான்சும் அவ்வாண்டு ஜனவரியிலேயே முதற்கட்ட அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன! அச்செய்தி கப்பலேறிக் கடலூர் வந்து சேர்ந்தது ஜூன் இறுதியில்தான். அதன்பின்னரே துப்பாக்கிகள் ஓய்ந்தன.

ஒரு கடிதம் தாமதமானதால் ஒருவரின் ஓய்வூதியம் நின்றுபோனதை நாம் கண்டிருக்கிறோம். உயிர்கள் போனதை அன்றுதான் அறிந்தோம். அக்கரையில் நண்டு பிடித்துத் திரிந்த நாளில் இதை நமக்குச் சொல்வார் ஒருவருமில்லை.

மூன்றாம் நாள் இதைச் சொன்னபோது, வென்றவர் யார் என்று குழந்தைகள் கேட்கவில்லை. "எதற்காகச் சண்டை என்று அந்தச் சிப்பாய்களுக்குத் தெரியுமா?" என்றாள் தங்கை மகள். "கடிதம் முன்பே வந்திருந்தால் வீட்டுக்குப் போயிருப்பார்கள், இல்லையா அப்பா?" என்றான் மகன். "ஆம், போயிருப்பார்கள்" என்றோம். அன்றிரவு அவன் அயர்ந்து உறங்கினான். பாரம் குறையவில்லை, ஆனால் அதைப் பற்றி எங்களைக் கேட்கலாம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

தங்கை மகள் எழுதிய பக்கம், மெட்டகாமின் மகனில் தொடங்கிப் பாட்டி ஊராகிய கடலூரில் முடிந்தது. யார்க்டவுனுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருந்தாள். அதில் திருத்துவதற்கு நமக்கு ஒன்றுமில்லை. வரும் கோடையில் குழந்தைகளைக் கடலூர்க் கரைக்கு அழைத்துச் செல்வதென எண்ணியுள்ளோம்.