அடகுக்கடைத் தராசு

2019இன் நடுப்பகுதியில், போதைப்பொருள் குற்றத்துக்காக நால்வரைத் தூக்கிலிட ஜனாதிபதி சிறிசேன கையொப்பமிட்டிருந்த சமயம், பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, மகனின் வழக்கோடு என்னிடம் வந்தார். 1976க்குப் பிறகு இந்த நாட்டில் யாரும் தூக்கிலிடப்படவில்லை. அந்த நால்வரின் தண்டனையையும் உயர் நீதிமன்றம் இடைநிறுத்திவிட்டது. லயங்களிலோ தூள்காரனைத் தொங்கவிடத்தான் வேண்டும் என்று பேச்சு. விற்பவனா, பாவிப்பவனா என்று எவரும் கேட்கவில்லை.

சட்டமும் அதை அதிகம் கேட்பதில்லை. 1929ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்துக்கு 1984இல் வந்த திருத்தத்தின்படி, 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் வைத்திருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் சிறை. சும்மா கொடுப்பதும் கொண்டுபோவதும்கூட அங்கே வியாபாரக் கணக்கில்தான் சேரும். 2001இல் போர்த்துக்கல் பாவனையைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தபோது, பத்து நாள் பாவனைக்கான அளவு வரை, ஹெரோயினில் 1 கிராம், நீதிமன்றத்துக்கே போகாது என்று வைத்தது. விற்பவனுக்கு அங்கேயும் சிறைதான்.

பையன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. தேர்த் திருவிழாவுக்கு ஊர் வந்தவனின் சட்டைப்பையில் சிறு பக்கட்டுகள் இருந்தன. பொலிஸார் அவற்றை அடகுக்கடைத் தராசில் நிறுத்தார்கள். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம், பவுன் நிறுக்கும் தராசு பொய் சொல்லாது என்ற நம்பிக்கை. 2 கிராமும் சொச்சமும் காட்டியது. அது கலப்படத்தோடு சேர்ந்த எடை. தண்டனையைத் தீர்மானிக்கும் தூய எடையை அரச பகுப்பாய்வாளர்தான் சொல்ல வேண்டும், அந்த அறிக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதுவரை நீதவானுக்குப் பிணை கொடுக்க அதிகாரமில்லை; மேல் நீதிமன்றமும் விசேட காரணம் காட்டினால்தான் தரும்.

அந்தக் காரணங்களை நான் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா தடுத்தார். "பிணை வேணாங்க ஐயா. உள்ளுக்கே கெடக்கட்டும். அங்கயாச்சும் அது கெடைக்காதில்ல."

சிறைக்குள் என்ன கிடைக்கும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? காசு தருபவர் அவர். என் கட்சிக்காரன் மகன். அவனைக் கேட்டேன், வெளியே வரவேண்டும் என்றான். மனு போட்டேன், தள்ளுபடியானது. அம்மாவின் முகத்தில் தெரிந்தது ஏமாற்றமில்லை.

அறிக்கை ஒருவழியாக வந்தது: தூய ஹெரோயின் அரைக் கிராம்கூட இல்லை. வழக்கு நீதவானிடமே முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டான், தண்டப்பணம் கட்டினார்கள். மறியலில் போன மாதங்களை எந்தத் தீர்ப்பும் கணக்கில் எடுக்கவில்லை. பிறகு கட்டார் வேலைக்குப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டபோது அந்த ஒப்புதல்தான் குறுக்கே நின்றது.

2022 திருத்தத்தில் ஐஸ் போதைப்பொருளும் மரண தண்டனைப் பட்டியலில் ஏறியது. தூய எடை 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் பிணைக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போகவேண்டும் என்றானது. 2023 டிசம்பரில் பொலிஸாரின் 'யுக்திய' போதை ஒழிப்புச் சுற்றிவளைப்பு தொடங்கியபோது என் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பலர் அதை மெச்சினார்கள். நான் வாதாடவில்லை. பிள்ளை கெட்டுப்போகிறான் என்ற பயத்துக்கு அரசாங்கம் காட்டும் ஒரே கதவு அதுதானே.

அந்த நாட்களில்தான் அம்மா மறுபடி வந்தார், மகனைக் கந்தக்காட்டுக்கு அனுப்ப மனு எழுதித் தரும்படி. 2022 ஜூனில் அந்தப் புனர்வாழ்வு நிலையத்தில் ஒருவர் இறந்து, சுமார் 600 பேர் தப்பியோடியதைச் சொன்னேன். மனுவுக்குப் பதிலாக ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கும் ஒரு நாள் சம்பளப் பேரு போகுமேங்க" என்றார்.