துரை விட்டுப்போன சுங்கான்

டெங்கில் என்றால் நம்மில் பலருக்கு அது ஒரு நெடுஞ்சாலைப் பலகை மட்டும்தான். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கண்ணில் பட்டு மறையும் பெயர். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குப் பாயா இண்டா ஈரநிலப் பூங்கா தெரிந்திருக்கலாம். பழைய ஈயக்குட்டைகளைச் சீரமைத்து உருவாக்கிய இடம். முதலை, நீர்யானை எல்லாம் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இருப்பவர்கள் கே.எல். சென்ட்ரலில் டிரான்சிட் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் புத்ராஜெயா - சைபர்ஜெயா நிலையத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து கிராப். நானும் அப்படித்தான் போனேன். பார்க்கப் போனது நீர்யானையை அல்ல, புகை பிடிக்கும் ஒரு குழாயை.

வானொலியில் நான் செய்யும் காலை நிகழ்ச்சியில் தோட்டத்து வீடுகளில் இன்னும் மிஞ்சியிருக்கும் பொருள்களைப் பற்றி நேயர்களிடம் கேட்டிருந்தேன். பால் வெட்டும் கத்தி, பால் மங்கு, காண்டா, பெரட்டுக்கு அடிக்கும் தண்டவாளத் துண்டு என்று வரிசையாகக் குரல் பதிவுகள் வந்தன. நடுவில் ஒரு முதியவரின் குரல்: "எங்க வீட்டுல துரையோட சுங்கான் ஒன்னு இருக்கும்மா. தலைய கழட்டி மாட்டலாம்." சுங்கான் என்ற சொல்லைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! இப்போது எல்லாரும் பைப் என்றுதான் சொல்கிறோம்.

ரயிலை விட்டு இறங்கியதும் கண்ணுக்கு முன்னே விரிவது புத்ராஜெயா. அகலமான சாலைகள், பாலங்கள், ஏரி. 1995-இல் கட்டுமானம் தொடங்கி, 1999-இல் பிரதமர் அலுவலகம் குடிவந்து, 2001 பிப்ரவரி 1-இல் கூட்டரசுப் பிரதேசமான நகரம். அதற்கு முன்பு இதெல்லாம் பால்மரமும் செம்பனையும். பிராங் புசார், மேடிங்லி, செட்ஜ்லி, கேலவே என்று நான்கு தோட்டங்கள். பிராங் புசார் என்றால் மலாயில் பெரும்போர். முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் 1921-இல் காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டம் என்பதால் அந்தப் பெயர். அங்கே தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிய பால்மர வகைகள் உலகம் சுற்றின. கேரளாவிலும் இலங்கையிலும் பிபி 86 என்று ஒரு ரப்பர் வகையைச் சொல்வார்கள் அல்லவா, அந்தப் பிபி பிராங் புசார்தான். மரத்தின் பெயர் நிலைத்துவிட்டது. மரத்தை வெட்டிப் பால் எடுத்தவர்களின் சுமார் 400 குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தன. தற்காலிகம் என்று நினைத்து வந்தவர்கள் அங்கேயே பேரன் பேத்தி எடுத்தார்கள். அந்தக் கட்டடங்களின் விரிசல்களைப் பற்றியும் தரைவீடு கேட்டு நடந்த போராட்டத்தைப் பற்றியும் நம் பத்திரிகைகள் எத்தனையோ முறை எழுதிவிட்டன. நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

"வாம்மா, பசியாறிட்டியா?" என்றார் ஐயா. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஐயா என்றே வைத்துக்கொள்வோம். எழுபதைத் தாண்டியவர். அவருடைய அப்பா துரை பங்களாவில் குசினி வேலை பார்த்தவர். பழைய பால்மாவு டின் ஒன்றிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பளபளவென்று ஓர் அலுமினியத் தண்டு, கருப்பு வாய்ப்பிடி, தனித்தனியாக நான்கு மரக் கிண்ணங்கள்.

தண்டின் ஒரு முனை சிறு தட்டுபோல விரிந்து குழிந்திருக்கிறது. அந்தக் குழியின் உள்விளிம்பில் மறை வெட்டியிருக்கிறார்கள். மரக்கிண்ணத்தின் அடியிலும் மறை. கிண்ணத்தை வைத்து இரண்டு திருகு திருகினால் உட்கார்ந்துவிடுகிறது. "தலை" என்றுதான் ஐயா அந்தக் கிண்ணத்தைச் சொல்கிறார். துரை தலையைக் கழற்றுவதைப் பார்த்து, தோட்டத்துப் பையன்கள் அவருக்கே மறை கழண்டுவிட்டது என்று கிண்டல் செய்வார்களாம். பங்களாவுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான்.

தண்டின் அடியில் ஃபால்கன் என்று பொறித்திருந்தது. 1930களில் அமெரிக்காவின் இண்டியானாவைச் சேர்ந்த கென்லி பக் என்ற பொறியாளர் யோசித்த அமைப்பு இது. பிறகு பிரிட்டனிலும் தயாராகிப் பல நாடுகளுக்குப் போனது. அவர் யோசித்ததைப் புரிந்துகொள்ள நம் வீட்டுச் சோற்றுப்பானை போதும். கொதிக்கும் பானையின் மூடியில் நீர் கோப்பதில்லையா? புகையிலை எரியும்போதும் ஈரம் ஆவியாக வரும். மரத்தாலேயே செய்த சுங்கானில் அந்த ஈரம் அடியில் தேங்கிப் புகையிலையை நனைக்கும். இழுக்கும்போது குடகுடவென்று சத்தம் வரும். உலோகம் சீக்கிரம் சூடு ஆறும் பொருள். ஆவி அதில் பட்டதும் குளிர்ந்து, துளியாகி, கிண்ணத்துக்குக் கீழே இருக்கும் குழிவில் விழுகிறது. கிண்ணத்தைக் கழற்றித் துடைத்தால் முடிந்தது.

கிண்ணம் மட்டும் ஏன் மரம்? அலுமினியத்தில் நெருப்பை வைத்தால் கையில் பிடிக்க முடியாதே. மத்தியதரைக் கடல் ஓரம் வளரும் ஒரு புதர்ச்செடியின் வேர்முண்டில் எடுத்த மரம் அது. பிரையர் என்பார்கள். மணிக்கணக்கில் வேகவைத்து, மாதக்கணக்கில் உலர்த்திய பிறகே கடைகிறார்கள். அதனால் எளிதில் தீப்பிடிக்காது.

இதையெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஐயாவின் அப்பாவுக்குப் படிப்பு இல்லை, ஆனால் எல்லாம் கையில் இருந்தது. ஐந்து தலைகளுக்கும் அடியில் ஆணியால் புள்ளி குத்தி வைத்திருந்தார். இன்று ஒரு புள்ளித் தலை என்றால் நாளை இரண்டு புள்ளி. ஒரு நாள் எரிந்த மரம் காய வேண்டும். நம் ஊர் ஈரத்தில் காயாமல் மூடி வைத்தால் பூசணம் பிடித்துவிடும். சூடு முழுக்க ஆறிய பிறகே கழற்ற வேண்டும். தண்டுக்குள் பஞ்சு சுற்றிய கம்பியை விட்டு இழுக்க வேண்டும். குழிவில் ஒரு காகித வளையம் போட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கடை வளையம் தீர்ந்துபோனால் கிராணி ஆபீசில் மை ஒற்றும் தாளைக் கேட்டு வாங்கி வட்டமாக வெட்டிப் போடுவாராம். கிண்ணத்தின் உள்சுவரில் படியும் கரியை முழுதும் சுரண்டிவிடக் கூடாது, அது மரத்தைக் காக்கும் பூச்சு. அப்படியே வளரவிடவும் கூடாது, சூட்டில் கரி மரத்தைவிட அதிகமாக விரிந்து கிண்ணத்தைப் பிளந்துவிடும். ஒரு காசு கனத்துக்கு விட்டு மிச்சத்தைச் சுரண்டுவது கணக்கு.

ஐந்து தலை எப்படி நான்கானது என்று கேட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பா ஒரு தலையைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்துவிட்டார். மத்தியானத்துக்குள் வெடித்துவிட்டது. துரை சம்பளத்தில் மூன்று வெள்ளி பிடித்துக்கொண்டார். "மூனு வெள்ளின்னா சும்மாவா? அந்த மாசம் அம்மா காதுல கெடந்தது அடகுக்குப் போச்சு. அதுக்கப்புறம் அப்பா புள்ளைங்கள தூக்குனதவிட இத பத்திரமா தூக்குனாரு" என்றார் ஐயா. சொல்லும்போது அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுபதுகளின் கடைசியில் துரை ஊருக்குக் கிளம்பியபோது சுங்கானை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அன்பா, சுமை குறையட்டும் என்றா, தெரியாது. அப்பா அதுவரை வெற்றிலையோடு சரி. துரை போன பிறகு சுருட்டை உதிர்த்துப் போட்டுப் புகைக்க ஆரம்பித்தார். சாயங்காலம் லயத்து வாசலில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து புகைப்பாராம். பங்களாவில் ஒரு நாள்கூட உட்காராத மனிதர். பத்து வருஷத்துக்குள் நாக்கில் புண். பெரியாஸ்பத்திரிக்கு ஐந்து மாதம் போய்வந்தார். பிறகு இல்லை.

சுங்கான் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயோடு சரி, அதனால் ஆபத்தில்லை என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தவறு. வாய், நாக்கு, தொண்டைப் புற்றுநோய்க்கு அந்த வாய்ப்புகையே போதும். குழிவில் தங்குவது ஈரமும் கசடும்தான். நஞ்சு முழுதும் அங்கே நின்றுவிடுவதில்லை. ஐயா ஒரு முறைகூட இதை வாயில் வைத்ததில்லை. அம்மா வைக்கவிடவில்லை. தூக்கிப் போடவும் அவர் விடவில்லையாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது பேரன் வந்தார். வேலைக்குப் போகும் இளைஞர். சட்டைப்பையில் வேப். சுங்கானைப் பார்த்துவிட்டு, "எங்களுதும் இதே மாதிரிதான் தாத்தா, மேல உள்ளத மட்டும் மாத்துனா போதும்" என்று குப்பியைக் கழற்றி மாட்டிக் காட்டினார். 2024 அக்டோபர் 1 முதல் வேப்பும் சிகரெட்டோடு சேர்த்து ஒரே சட்டத்துக்குள் வந்துவிட்டது. 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்கக் கூடாது. இவருக்கு அந்த வயது தாண்டிவிட்டது. ஐயா ஒன்றும் சொல்லாமல் தண்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாட்டிதான், "பூட்டனுக்கு நாக்குல வந்தத இவன்கிட்ட சொல்லும்மா, ரேடியோல வந்தா கேப்பான்" என்றார். பேரன் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார்.

தோட்டத்திலிருந்து லாரியில் சாமான் ஏற்றிய நாளில் என்னென்ன விட்டு வந்தார்கள் என்று ஐயா சொல்லிக்கொண்டே போனார். அம்மிக்கல், ஆட்டுக்கல், கோழிக்கூடு, முருங்கை மரம். அடுக்குமாடியில் அவற்றுக்கு எங்கே இடம்? சுங்கான் சின்னது, இடுப்பில் செருகிக்கொள்ளலாம். அது வந்துவிட்டது. அருங்காட்சியகம் எதற்காவது கொடுக்கலாமே என்றேன். "கண்ணாடிப் பெட்டியில வச்சா யாரு கழட்டித் தொடைப்பா?" என்று கேட்டார். இன்றும் மாதம் ஒரு முறை நான்கு தலைகளையும் எடுத்துக் காற்றாட வைக்கிறார்.

தலையைத் திருகும் ஓசையைப் பதிவு செய்துகொண்டு வந்தேன். மரமும் உலோகமும் உரசும் மெல்லிய கிறீச், கடைசியில் ஒரு சின்ன டக். அதை ஒலிபரப்பிய அன்று நான்கைந்து அழைப்புகள். இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள். கிள்ளானிலிருந்து ஓர் அம்மா பேசினார். அவருடைய அப்பாவும் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பங்களா வேலை பார்த்தவராம். அலுமினியத் தண்டு மட்டும் வீட்டில் இருக்கிறது, தலை தொலைந்துவிட்டது. அது என்ன பொருள் என்றே இத்தனை நாள் தெரியவில்லை, ஊதுகுழல் என்று நினைத்துப் பிள்ளைகள் விளையாடினார்கள் என்றார். படம் அனுப்பச் சொன்னேன். அதே ஃபால்கன்.

ஐயாவை அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நாலு புள்ளி வச்ச தலைய குடுத்துடலாம்மா. மறை ஒன்னுதான், எந்தத் தண்டுக்கும் சேரும்" என்றார். "ரொம்ப இறுக்கித் திருக வேணாம்னு மட்டும் சொல்லிடுங்க."