அந்த ஊட்ட ஏன் எடுக்கல்ல?

கொஞ்சம் நீண்ட பதிவு, நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

மூன்று மாதமாக டவுனில் யாரைக் கண்டாலும் இதே கேள்விதான். மீன் கடையில் கேட்டார்கள், பஸ் ஹோல்ட்டில் கேட்டார்கள், போன கிழமை ஒரு மையத்து வீட்டில் வைத்துக்கூட ஒரு மாமி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கேட்பதில் கோபமில்லை. நாங்கள் சொல்லாத பதில்கள் எங்கள் பெயரில் சுற்றுவதுதான் கவலை. "தோட்டத்து ஆக்கள்ட கரைச்சலுக்குப் பயந்து டீச்சர் வேணாண்டிட்டாவாம்" என்ற கதை என் வகுப்புப் பிள்ளைகளின் காதுக்கே போய்விட்டது. நான் 17 வருடமாகத் தோட்டப் பாடசாலையில் படிப்பிப்பவள். அந்தக் கதைக்காகத்தான் இதை எழுதுகிறேன். டவுனின் பெயரையும் பாரின் பெயரையும் எழுதவில்லை. ஊரவர்களுக்குத் தெரியும், வெளியாருக்குத் தேவையில்லை.

முதலில் வீட்டைப் பற்றி. 14 பேர்ச்சஸ் காணி, மூன்று அறை, வற்றாத கிணறு, பின்னால் இரண்டு ரம்புட்டான் மரம். பாடசாலைக்குப் போகும் பஸ் வாசலிலேயே நிற்கும். பள்ளிவாசலுக்கு ஐந்து நிமிட நடை, பிள்ளைகளின் மத்ரஸா அதற்கும் கிட்ட. உறுதியில் ஒரு பிரச்சினையும் இல்லை என்று நொத்தாரிசு ஐயா சொன்னார். கேகாலைப் பக்கத்தில் காணி தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. ஒன்று தோட்டக் கம்பனியின் குத்தகைக் காணியாக இருக்கும், இல்லாவிட்டால் விற்க முடியாத அனுமதிப்பத்திரக் காணியாக இருக்கும், இரண்டும் இல்லையென்றால் சரிவில் இருக்கும். 2016 மே 17 இல் அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களே புதைந்ததைக் கண்ட மாவட்டம் இது. அதற்குப் பிறகு மலையடிவாரத்தில் வீடு எடுக்க எங்களுக்கு மனமே வரவில்லை. பதினொரு வருடத்தில் இது நாலாவது வாடகை வீடு. ஒவ்வொரு முறையும் அலுமாரியைக் கழற்றிப் பூட்டிப் பூட்டி அதன் கதவே இப்போது மூடுவதில்லை.

விலை 62 இலட்சம். அதே வீதியில் கொஞ்சம் மேலே போனால் இதே அளவு வீடு 90க்குக் குறையாது. அந்த 28 இலட்சத்துக்குக் காரணம் ஒரு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பார்.

வீட்டுச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற சிங்கள உத்தியோகத்தர், நல்ல மனிதர். பார் வருவதற்கு முன்பே கட்டிய வீடு. தரகர் பாரைப் பற்றி மூச்சே விடவில்லை. மாத்தயாதான் தானாகச் சொன்னார். "மிஸ், பகலில் வந்து பார்த்துவிட்டு முடிவு எடுக்க வேண்டாம். பத்தாம் திகதி பின்னேரம் ஒருக்கா வந்து இருந்து பாருங்கள்" என்றார். விற்க வந்தவர் இப்படிச் சொல்வாரா என்று நாங்கள் இருவரும் வீடு வரும் வரை அதைத்தான் பேசினோம்.

பிள்ளைகளின் வாப்பா கணக்குப் போட்டார். அவருடைய சேமிப்பு, என் சீட்டுக் காசு, உம்மா தந்த நகை, மீதிக்கு வட்டியில்லாத முறையில் வங்கி. 90 என்றால் கனவு, 62 என்றால் கைக்கு எட்டும். நான் மார்க்கத்தைப் பற்றி யோசித்தேன். பள்ளியின் மௌலவியிடம் கேட்டு வரச் சொன்னேன். அவர் நிதானமாகப் பதில் சொல்லி அனுப்பியிருந்தார். மது விஷயத்தில் நபிகளார் (ஸல்) சபித்த பத்துப் பேரில் வடிப்பவர், குடிப்பவர், சுமப்பவர், விற்பவர், அதன் காசைச் சாப்பிடுபவர் எல்லாம் வருகிறார்கள், பக்கத்து வீட்டில் குடியிருப்பவர் வரவில்லை, வாங்குவது ஹராம் ஆகாது என்றாராம். ஆனால் வீட்டைப் பார்க்கும் முன் அயலைப் பார்க்கச் சொல்லி அரபிகளிடம் ஒரு பேச்சு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் டீச்சரே யோசிக்கட்டும் என்றும் சொன்னாராம். பந்து திரும்பவும் என்னிடமே வந்தது.

மூன்று முறை போய்ப் பார்த்தோம். முதல் முறை செவ்வாய்க்கிழமை காலை. ஒரு சத்தம் இல்லை. பாரின் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. இதற்கா இவ்வளவு யோசனை என்று எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது முறை போயாவுக்கு முதல் நாள் மாலை. போயா தினத்தில் மதுக்கடை திறக்கக் கூடாது என்பது சட்டம், ஆகவே இரண்டு நாள் சரக்கு ஒரு நாளில் போகிறது. த்ரீவீல் வரிசை மாத்தயாவின் கேட்டை மறித்து நின்றது. பைட்ஸ் பொரிக்கும் எண்ணெய் மணம் அடுப்படி யன்னலால் உள்ளே வந்தது. நோனா வைத்த அந்தூரியம் பாத்திக்குள் ஒன்பது வெறும் போத்தல் எண்ணினேன். மதில் ஓரம் எதற்குப் பயன்படுகிறது என்று எழுதத் தேவையில்லை. மூத்தவளின் அறை என்று நாங்கள் மனதில் வைத்திருந்த அறையின் யன்னல் அந்தப் பக்கம்தான்.

அன்றைக்கு இன்னொன்றும் கண்டேன். இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஹெல்மட்டைக் கழற்றாமலே உள்ளே போய், கறுப்புப் பையோடு வெளியே வந்த பெடியன்களில் நம்முடைய பெடியன்களும் இருந்தார்கள். முகம் தெரியாது, ஆனால் சைக்கிள் எங்கள் ஒழுங்கையில் தினமும் நிற்கும் மோட்டார் சைக்கிள். குடி என்றால் தோட்டத்து ஆட்களின் விஷயம் என்று பேசிக்கொள்பவர்கள் ஒரு பின்னேரம் அந்தத் திண்ணையில் இருந்து பார்க்க வேண்டும். கடைக்கார முதலாளி, த்ரீவீல்காரர், அரசாங்க உத்தியோகத்தர் எல்லோரும் அங்கே வருகிறார்கள். காரில் வருபவரின் குடி காருக்குள்ளேயே போய்விடுகிறது. நடந்து போக வேண்டியவனின் குடிதான் வீதியில் தெரிகிறது.

மூன்றாவது முறை, மாத்தயா சொன்ன பத்தாம் திகதி. தோட்டங்களில் சம்பள நாள். ஐந்து மணிக்கெல்லாம் கூட்டம். பல வருடம் கத்திக் கத்தி, 2024 செப்டம்பரில்தான் நாட்கூலி 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. ஒரு கால் போத்தல் சாராயத்துக்கே அதில் பெரும்பகுதி போய்விடும். அதுவும் கட்டாதவன் லயத்துக்குப் பின்னால் கசிப்புக்குப் போகிறான், அது வேறு கதை.

மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டடியில் ஒரு பெண் குடையோடு நிற்பதைக் கண்டேன். இடுப்பில் ஒரு குழந்தை. என்னைக் கண்டதும் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைக்கப் பார்த்தார், பிறகு சிரித்தார். என்னிடம் படிக்கும் பிள்ளை ஒன்றின் தாய். கணவர் இறப்பர் பால் வெட்டுபவர். பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு முறையும் தவறாமல் வருபவர்.

"டீச்சர், நீங்க இந்த வீட்ட வாங்கப் போறதா சொன்னாங்களே, நெசமா?"

"இன்னும் முடிவு இல்ல அம்மா, பார்க்க வந்தோம்."

"வாங்குங்க டீச்சர். பத்தாம் தேதின்னா நாங்க நாலஞ்சு பேரு வருவோம், சம்பளம் முழுக்க உள்ள போறதுக்கு முந்தி கொஞ்சமாச்சும் கேட்டு வாங்கிக்க. ரோட்டுல நின்னா போறவங்க வாறவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க. நீங்க இங்க இருந்தா, டீச்சர பாக்க வந்தோம்னு சொல்லி உள்ள நிக்கலாம்ல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. குழந்தையின் பெயரைக் கேட்டேன்.

அன்று இரவு வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னது, வாங்குவோம் என்றுதான். யன்னலை அடைத்துவிடலாம், மதிலை உயர்த்தலாம், அந்தப் பெண்களுக்கு ஒரு வாங்கு போட்டுக் கொடுக்கலாம், இதற்காகத்தான் அல்லாஹ் இந்த வீட்டைக் காட்டினானோ என்றெல்லாம் பேசினேன். பிள்ளைகளின் வாப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். "நான் கடையைச் சாத்தி வந்து சேர எட்டரை ஒன்பது ஆகும். அந்த மனுசிமாரைத் தேடிக்கொண்டு ஒருத்தன் கேட்டைத் தள்ளினா, திறக்கிறது நீயா, மூத்த மகளா?"

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. கேள்விக்குப் பதில் இல்லாததால் அல்ல. அவர் கேட்டதும் என் மனதில் முதலில் வந்தது நிம்மதி என்பதால். மறுப்பதற்கு ஒரு மரியாதையான காரணம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. உண்மையைச் சொன்னால் நான் குடிகாரர்களுக்குப் பயப்படவில்லை. குடித்தவர்களோடு பேசிப் பழகியவள், பெற்றோர் கூட்டத்திலேயே இரண்டு பேரைச் சமாளித்திருக்கிறேன். நான் பயந்தது அந்த நாலைந்து பெண்களுக்கு. ஒவ்வொரு பத்தாம் திகதியும் அவர்கள் என் கேட்டைப் பார்ப்பார்கள். ஒரு மாதம் எனக்குத் தலையிடியாக இருக்கும், ஒரு மாதம் மகளுக்குப் பரீட்சையாக இருக்கும், ஒரு மாதம் கேட்டைப் பூட்டிவிட்டு லைட்டை அணைத்துக்கொண்டு உள்ளே இருப்பேன். அடுத்த நாள் காலையில் அவர்களின் பிள்ளைகளுக்கு முன்னால் சோக்கட்டியோடு நிற்க வேண்டும். என்னால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் எடுக்கவில்லை. தோட்டத்து ஆட்களின் கரைச்சல் என்று சொன்னவர்கள் இதைத் தயவுசெய்து திரும்ப வாசியுங்கள்.

"பார் என்ன நிரந்தரமா? நாளைக்கே மூடிட்டா ஊட்டு விலை 90 ஆகும், நட்டம் உங்களுக்குத்தான்" என்று சிலர் சொன்னார்கள். மதுவரி அனுமதிப்பத்திரம் வருடத்துக்கு வருடம் புதுப்பிக்க வேண்டியது, அது சரி. ஆனால் இந்த நாட்டில் பார் மூடியதை விடத் திறந்த கதைதான் அதிகம். 2024 டிசம்பரில் சபை முதல்வர் பிமல் ரத்நாயக்க பாராளுமன்றத்தில் வெளியிட்ட கணக்கின்படி, அந்த ஒரு வருடத்தில் மட்டும் 361 அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டிருந்தன. நம்முடைய சப்ரகமுவவுக்கு 30. அந்த 30 இடத்திலும் மதிலுக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் வரலாறு படிப்பிப்பவள், அதனால் ஒரு சின்னப் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர் காலத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கமே ஏலத்தில் குத்தகைக்கு விட்டது. 1912 இன் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்துதான் அந்தக் குத்தகை முறை போய், மதுவரித் திணைக்களத்தின் கீழ் அனுமதிப்பத்திர முறை வந்தது. இன்றைக்கும் அடிப்படைச் சட்டம் அதுதான். தவறணைகளுக்கு எதிராக மதுவிலக்கு இயக்கம் நாடு முழுக்க நடந்ததும் அந்தக் காலத்தில்தான், டீ.எஸ். சேனாநாயக்க போன்றவர்கள் பொது வாழ்க்கைக்கு வந்ததே அதன் வழியாக. 1927 நவம்பரில் காந்தி இலங்கைக்கு வந்தபோது மலையகத் தொழிலாளரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்ட விஷயங்களில் குடியை விடுவதும் ஒன்று. நூறு வருடமாகப் பெரிய ஆட்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். பத்தாம் திகதி அந்தப் பெண்கள் நிற்க இடம் இல்லாமல் நிற்கிறார்கள்.

இப்போது கடிதத்தைப் பற்றி. பாரை அந்த இடத்திலிருந்து அகற்ற வேண்டும் என்று ஒரு மகஜர் ஓடுகிறது. என்னிடமும் கொண்டு வந்தார்கள். நான் உடனே கையெழுத்துப் போடவில்லை என்பதையும் சிலர் கதையாக்கிவிட்டார்கள். காரணம் இதுதான். இந்தியாவில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீற்றருக்குள் மதுக்கடை இருக்கக் கூடாது என்று தீர்ப்புக் கொடுத்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் தமிழ்நாட்டில் நெடுஞ்சாலையில் மூடிய கடைகள் குடியிருப்புகளுக்குள் நகரப் பார்த்தன. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி வரவிருந்த ஒரு கடைக்கு எதிராகப் பெண்கள் வீதியில் இறங்கி, பொலிஸிடம் அடி வாங்கினார்கள். இங்கே இருந்து அகற்றினால் நம்முடைய பார் எங்கே போகும்? டவுனை விட்டு மேலே, லயங்களுக்குக் கிட்டப் போனால் நமக்கு நிம்மதி. அந்த அம்மாவுக்கு?

அதனால் மகஜர் எழுதியவர்களிடம் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன். ஒன்று, வேறு இடத்துக்கு மாற்றுவதல்ல, அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்காமல் விடுவதே எங்கள் கோரிக்கை என்று. மற்றது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்ற 2006 ஆம் ஆண்டின் சட்டமும் போயா தினச் சட்டமும் அது வரைக்குமாவது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று. முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு சேர்த்துவிட்டார்கள். நானும் கையெழுத்துப் போட்டேன், பிள்ளைகளின் வாப்பாவும் போட்டார். போயாவில் பின்கதவால் விற்பதைக் கண்ணால் காண்பவர்கள் மதுவரித் திணைக்களத்தின் 1913 இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

மாத்தயா இன்னும் வீட்டை விற்கவில்லை. நாங்கள் முடியாது என்று சொல்லப் போனபோது தேநீர் தந்தார், கோபிக்கவில்லை. போன பத்தாம் திகதி பஸ்ஸில் அந்தப் பக்கத்தால் வரும்போது பார்த்தேன், கேட் திறந்திருந்தது, மூன்று பெண்கள் உள்ளே ரம்புட்டான் மரத்தடியில் நின்றார்கள். நோனா ஒரு கதிரை கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்.

மகஜரின் ஒரு பிரதி பள்ளிவாசலில் இருக்கிறது, ஜும்ஆவுக்குப் பிறகு கேளுங்கள். இன்னொன்று கோயிலிலும் ஒன்று பன்சலையிலும் இருக்கிறது. பெண்களும் கையெழுத்துப் போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எங்களுக்கு இன்னும் வீடு அமையவில்லை. 65 இலட்சத்துக்குள், சரிவில்லாத காணி யாருக்காவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.