புகை வந்ததும் டர்போவைக் கழற்றச் சொல்லாதீர்கள்



டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கான பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். வண்டி இல்லாதவர்கள் விட்டுவிடலாம். ஆனால் வீட்டில் யாராவது வேனோ லாரியோ ஓட்டினால் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இந்த இரண்டு மாதத்தில் நமக்குத் தெரிந்த மூன்று பேர் வண்டி புகைகிறது என்று வெவ்வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனார்கள். மூவருக்கும் ஒரே பதில்தான் கிடைத்தது: "டர்போ போயிடுச்சு, மாத்தணும்." அந்த மூவரில் ஒருவருக்குத்தான் உண்மையில் டர்போ போயிருந்தது. அதுவும் தானாகப் போகவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

வாத்தியாருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்பீர்கள். என் மச்சான் முப்பது வருடம் லாரி வைத்திருந்தார். பள்ளி விடுமுறை நாட்களில் பட்டறைதான் எனக்குப் பொழுதுபோக்கு. மீதி எல்லாம் எட்டாம் வகுப்பு அறிவியல்.

எரிகிற மெழுகுவத்தியைக் கண்ணாடி டம்ளரால் கவிழ்த்து மூடிக் காட்டுவேனே, நினைவிருக்கிறதா? கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். எரிவதற்குக் காற்று வேண்டும். அதிக டீசலை எரிக்க அதிகக் காற்று வேண்டும். வெளியே போகிற புகையின் வேகத்தாலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரத்தால் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளுவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூச்சி 1905-லேயே இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். முதலில் கப்பலுக்கும் ரயில் எஞ்சினுக்கும் போனது. டீசல் காருக்கு வந்தது 1978-ல். இன்று நம் ஊர் மினி லாரி வரை வந்துவிட்டது.

எஞ்சின் நிமிடத்துக்கு நாலாயிரம் சுற்று சுற்றினாலே நாம் பயப்படுவோம். கார் டர்போவின் தண்டு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். அந்த வேகத்துக்குச் சாதாரண உருளை பேரிங் தாங்காது என்பதால் பெரும்பாலான வண்டிகளில் தண்டு ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடியே சுற்றுகிறது. ஒரு பக்கம் எழுநூறு டிகிரிக்குக் கொதிக்கிற புகை, மறுபக்கம் காற்று, நடுவில் ஆயில்.

இப்போது சொல்வதைத்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அந்த ஆயில் இரண்டு பக்கமும் கசியாமல் இருக்க ரப்பர் சீல் எதுவும் அங்கே இல்லை. அந்தச் சூட்டில் ரப்பர் நிற்காது. பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு சின்ன உலோக வளையம்தான் இருக்கிறது. அது தண்ணீர்ப் பாட்டில் மூடி மாதிரி இறுக்கமாக மூடுவதில்லை. வெளியே இருக்கிற காற்றழுத்தமும் புகையழுத்தமும்தான் ஆயிலை உள்ளேயே நிறுத்தி வைக்கின்றன. மேலே மெல்லிய குழாய் வழியாக அழுத்தத்தோடு ஆயில் வருகிறது. கீழே தடித்த குழாய் வழியாக, தன் எடையாலேயே வடிந்து எஞ்சினுக்குத் திரும்புகிறது.

வீட்டு அங்கணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகிற குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிரம்பி அறைக்கு வரும். அப்போது அங்கணத்தை இடித்துப் புதிதாகக் கட்டுவோமா? டர்போவில் ஆயில் கசிந்தால் பல நேரம் நடப்பது இதுதான். வடிகிற குழாயில் கசடு அடைத்திருக்கும். அல்லது எஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி ஆயிலை வடியவிடாது. அல்லது ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருப்பார்கள். அல்லது ஏர் ஃபில்டர் அடைத்து, டர்போ காற்று கிடைக்காமல் ஆயிலை உறிஞ்சிக்கொண்டிருக்கும். இந்த நாலையும் பார்க்காமல் புது டர்போ போட்டால் அதுவும் கசியும்.

அந்த மூன்று பேரில் ஒருவன் என் மாணவன். பெயர் வேண்டாம், அவனுடைய செட்டுப் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். பழைய ஏழு சீட்டர் ஒன்று வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு பெரியவரை அதிகாலையில் தஞ்சாவூருக்கு அழைத்துப் போக வேண்டும். அந்தச் சவாரியை விட்டால் அவனுக்கும் கஷ்டம், அந்தப் பெரியவருக்கு அதைவிடக் கஷ்டம்.

ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைந்தது. பிக்கப் கொடுத்தால் நீலப்புகை. டர்போ மாற்ற 42,000 ரூபாய் கேட்டார்கள்.

"நகையை வைக்கலாம்னு இருக்கேன் சார். உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல வட்டி கம்மியா கெடைக்குமா?"

"நகை இருக்கட்டும்டா. டர்போவுக்குப் போற குழாயைக் கழட்டிப் பாத்தாங்களா?"

"இல்லீங்க சார். புகையைப் பாத்துட்டே சொல்லிட்டாங்க."

அடுத்த நாள் வேறொரு மெக்கானிக்கிடம் இருவரும் போனோம். வயதானவர், பேச்சு குறைவு. முதலில் ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தார். மேல் கோட்டுக்கும் மேலே ஒரு விரல் அகலம் நின்றது. குறைகிறதே என்று பயந்து இவன் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறான். பிறகு வண்டியை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே வாயில் தளர்வாகக் கவிழ்த்து வைத்தார். லேசாக ஆடியது, அவ்வளவுதான். குதித்து விழுந்திருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அர்த்தம். நல்லவேளை, அது இல்லை.

அடுத்து ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டார். விரல் முழுக்க ஆயில். "பாருங்க சார், டர்போவுக்குள்ள போறதுக்கு முன்னாடியே இங்க ஆயில் வந்துடுச்சு. இதுக்கு டர்போ என்ன பண்ணும்?" என்றார். அந்த ஒரு கேள்விக்கு 42,000 ரூபாய் கொடுக்கலாம்.

எஞ்சினுக்குள் உண்டாகிற ஆவி வெளியேற பிரீதர் என்று ஒரு வழி உண்டு. அந்த ஆவியிலிருந்து ஆயிலைப் பிரித்துக் கீழே அனுப்பிவிட்டு, மிச்சத்தை இந்தக் குழாயில்தான் சேர்ப்பார்கள். இவன் வண்டியில் அந்தப் பிரிக்கிற பெட்டி கசடால் அடைத்திருந்தது. ஏர் ஃபில்டரைத் தட்டினால் வெள்ளையாகக் கொட்டியது. ஆயிலோ அளவுக்கு மேல். மூன்றும் சேர்ந்து, அடைத்த ஃபில்டருக்குப் பின்னால் டர்போ இழுத்த இழுப்பில் ஆயில் பிரீதர் வழியாகவே மேலே ஏறியிருக்கிறது.

வெள்ளைத் தூசி எங்கிருந்து வந்தது என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் நம் மாவட்டம் கடலாக இருந்தது என்று பாடம் நடத்தி, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பற்றியும் சொல்வேனே, அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான். சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரிக்குப் பின்னால் தினமும் ஓடுகிற வண்டிக்கு, கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரை ஏர் ஃபில்டர் தாங்காது. அதில் பாதியிலேயே கழற்றிப் பாருங்கள்.

கடைசியாகத் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தது. ஆயில் படலத்துக்காக அந்த இடைவெளி இருக்கத்தான் வேண்டும். முன்னும் பின்னும் ஆட்டம் இல்லை. சக்கரத்தின் இறக்கைகள் எங்கும் உரசவில்லை. டர்போ நன்றாகவே இருந்தது. பிரீதரைக் கழுவி, இன்டர்கூலரில் தேங்கிய ஆயிலை வடித்து, ஃபில்டரும் ஆயிலும் மாற்றியதில் செலவு 5,600 ரூபாய். இன்டர்கூலரை வடிக்காமல் விட்டால் பழைய ஆயிலே இன்னும் பல நாள் புகையும். வேலை சரியில்லை என்று மெக்கானிக் மேல்தான் பழி விழும். இப்போது இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஸ்டிக்கில் கோடு பெரிதாக இறங்கவில்லை.

இன்னொருவர் வண்டியில் வந்தது கரும்புகை. பிக்கப்பும் இல்லை, விசில் சத்தம் வேறு. இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருந்தது. காற்று வெளியே போனால் டீசல் முழுதாக எரியாது, கருப்பாகத்தான் வரும். ஹோஸ் மாற்றியதும் தீர்ந்தது. நீலம் என்றால் ஆயில். வெள்ளையாக வந்து, வண்டி சூடானதும் நின்றுவிட்டால் பெரும்பாலும் எரியாத டீசல்தான். சூடான பிறகும் நிற்காமல் வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் சைலன்சர் வழியில் புகைத்துகளைப் பிடிக்கிற ஃபில்டர் இருப்பதால் புகை கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அங்கே ஆயில் ஸ்டிக்கை மட்டும்தான் நம்ப முடியும். அந்த வண்டிகளில் ஆயில் அளவு ஏறினாலும் கவலைப்பட வேண்டும். டீசல் கலந்திருக்கும்.

மூன்றாமவர் நம் சொந்தம், சரக்கு வேன். அவருக்குத்தான் உண்மையிலேயே டர்போ போனது. புதிது போட்டார்கள். மூன்றே வாரத்தில் அதுவும் போனது. மேலே ஆயில் வருகிற மெல்லிய குழாயைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கரி; ஊசி போகிற அளவுதான் வழி. ஆயில் மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டியதும், நெடுஞ்சாலையில் அடித்து வந்த வண்டியை டீக்கடை வாசலில் சட்டென்று நிறுத்திச் சாவியைத் திருப்பியதும் சேர்ந்து செய்த வேலை. எஞ்சின் நின்றதும் ஆயில் வருவதும் நின்றுவிடும், டர்போ சூடு மட்டும் அப்படியே இருக்கும், உள்ளே தங்கிய ஆயில் கருகும். ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு நிறுத்தினால் போதும். புது டர்போ போட்டவர்கள் அந்தக் குழாயை மாற்றவே இல்லை. அதைக் கேட்டால் "நாங்க டர்போதான் போட்டோம்" என்கிறார்கள்.

இதையெல்லாம் தள்ளிப்போட்டால் பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. டீசல் எஞ்சினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். டர்போ வழியாகவோ பிரீதர் வழியாகவோ ஆயில் நிறைய உள்ளே போனால், எஞ்சின் தன் ஆயிலைத் தானே குடித்துக்கொண்டு தறிகெட்டு ஓட ஆரம்பிக்கும். ஆக்சிலேட்டரில் கால் இருக்காது. வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போகும், சாலையே தெரியாத அளவுக்குப் புகை. சாவியைத் திருப்பினாலும் நிற்காது. சாவி நிறுத்துவது டீசலை மட்டும்தான். அப்படி ஆனால் கியர் வண்டியில் கிளட்ச்சை மிதித்து, பிரேக்கை முழு பலத்தோடு அழுத்தி வண்டியை நிறுத்துங்கள். பிரேக்கை விடாமல், இருக்கிறதிலேயே பெரிய கியரைப் போட்டுக் கிளட்ச்சைச் சட்டென்று விடுங்கள். எஞ்சின் திணறி அணையும். முடியவில்லை என்றால், அல்லது ஆட்டோமேட்டிக் வண்டி என்றால், எல்லோரையும் இறக்கித் தூரமாக அழைத்துப் போய்விடுங்கள். பானட்டைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், காற்று போகிற வாயைக் கையால் அடைக்கப் போகாதீர்கள். எஞ்சின் வெடித்துச் சிதறலாம். வண்டி போனால் போகட்டும்.

அதனால்தான் மாணவனிடம், பிரீதரைச் சரி செய்யும்வரை அந்தப் பெரியவரை ஏற்றக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். இரண்டு நாள் வேறு வண்டிக்கு அவனே ஏற்பாடு செய்து கொடுத்தான்.

ஒர்க்‌ஷாப்பில் டர்போ என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். "டர்போவுக்கு முன்னாடி குழாய் நனைஞ்சிருக்கா, பின்னாடி மட்டும் நனைஞ்சிருக்கா? காட்டுங்க" என்று கேளுங்கள். முன்னால் காய்ந்திருந்து பின்னால் மட்டும் ஆயில் தேங்கியிருந்தால் டர்போ மேல் சந்தேகப்படலாம். அப்போதும் ஆயில் வருகிற குழாய், வடிகிற குழாய் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் புதிது. மாற்றினால் பழையதைக் கேட்டுக் கையில் வாங்குங்கள்.

கமெண்டில் சந்தேகம் கேட்பவர்கள் புகை வீடியோவை மட்டும் அனுப்பாதீர்கள். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது, புகை காலையில் வருகிறதா, மேட்டில் ஏறும்போது வருகிறதா என்று எழுதுங்கள். ஆயில் ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்த போட்டோவும் வேண்டும். வண்டி சமதரையில் நிற்கட்டும்.