ஊரே ஓடிற்று, நாமும் ஓடினோம்

மார்கழிக் காலையில் தொண்டிக் கடலோரம் நடப்போர், நீர் வற்றிய சேற்றில் உள்ளான் பறவைகள் கூட்டமாய் மேய்வதைக் கண்டிருப்பர். வடதேசத்துக் கடுங்குளிருக்குத் தப்பி வந்த விருந்தாளிகள் அவை. அவற்றுள் ஒன்று மட்டும் எழும்பினால் மற்றவை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இரண்டு மூன்று ஒருங்கே எழும்பினாலோ, கூட்டம் முழுவதும் வானில் ஏறிவிடும். வல்லூற்றைக் கண்டது ஒன்றிரண்டாக இருக்கலாம். ஏனையவை கண்டதெல்லாம் அண்டையில் இருந்தவை எழும்பியதைத்தான்.

இது பேதைமையன்று. ஒவ்வொரு பறவையும் வானையே நோக்கிக்கொண்டிருந்தால் இரை கொத்துவது எப்போது? ஆலாக்கள் ஓரிடத்தில் நீரில் பாய்வதைக் கண்டு மற்ற ஆலாக்கள் விரைகின்றன. அவற்றைக் கண்டு நம் மீனவரும் படகைத் திருப்புகின்றனர்.

ஆயினும் பார்த்து நடப்பதில் ஓர் இடறல் உண்டு. முதுகில் மூன்று முள் கொண்ட சிறு மீன்களை வைத்து நடத்திய ஆய்வொன்று 2008-இல் வெளிவந்தது. பகைமீனின் உருவத்தருகே ஒரே ஒரு பொம்மை மீனை இழுத்துச் சென்றபோது, மீன்கூட்டம் பெரும்பாலும் பின்தொடரவில்லை. பொம்மைகள் இரண்டு மூன்றானபோது, ஆபத்தையும் மறந்து பின்சென்றது!

மீனை நகைக்க நமக்கு உரிமையில்லை. 2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமியில், இலங்கை மறைத்து நின்றமையால் தொண்டி பெருஞ்சேதமின்றித் தப்பியது. 30-ஆம் நாள், மீண்டும் அலை வருகிறதென்ற எச்சரிக்கை கரையெங்கும் பரவிற்று. ஊரே ஓடிற்று, நாமும் ஓடினோம். ஓடியது பிழையென்று கூறோம். நான்கு நாள் முன்னர் வேளாங்கண்ணியில் நேர்ந்ததைக் கேட்டிருந்த எவர்தாம் நின்று யோசிப்பர்?

பிழை வேறு. நடக்க இயலாத நம் பெரியம்மாள் திண்ணையில் இருந்தார். அண்டை வீட்டார் தூக்கி வருவர் என நாம் எண்ணினோம். நாம் தூக்கிச் சென்றிருப்போம் என அவர்கள் எண்ணினர். இரண்டு கல் தொலைவு சென்றபின், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோதே உண்மை விளங்கிற்று.

திரும்பி ஓடினோம். எதிரே வந்தோரெல்லாம் நம்மைப் பித்தரைப்போல் நோக்கினர். பெரியம்மாள் கையில் ஜெபமாலையுடன் அதே திண்ணையில் அமர்ந்திருந்தார்.

"கடல் அங்கேயேதான் கிடக்கிறது, தம்பி. நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். பிறகு, விட்ட மணியிலிருந்து செபத்தைத் தொடர்ந்தார்.