கடலுக்குத் திறந்த தொட்டி

படகின் அடியில் வேண்டுமென்றே ஓட்டை போடுவதை மினிக்காய்த் தீவில் பார்த்தேன். 32 அடி நீளமுள்ள புது பைபர் படகு ஒன்றைத் தென்னந்தோப்பின் ஓரத்தில் முட்டுக்கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் கீழே மண்ணில் சாக்கு விரித்து மல்லாந்து படுத்தபடி என் ஊர்க்காரர் ஒருவர் டிரில்லரை ஓட்டிக்கொண்டிருந்தார். குளச்சல் பக்கம் பைபர் படகுகளின் ஓட்டையை அடைத்தே பேர் வாங்கியவர். இங்கே ஏரா என்கிற அடிக்கட்டையின் இரண்டு பக்கமும் சுண்ணக்கட்டியால் வரிசையாக வட்டம் போட்டு, ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டிருந்தார். பைபர் தூள் அவர் புருவத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"பயப்படாதே மக்கா, இது முங்குற ஓட்டை இல்லை. மீனுக்கு மூச்சு விடுற ஓட்டை" என்றார்.

லட்சத்தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் தனித்துக் கிடக்கிறது மினிக்காய். அதற்குத் தெற்கே எட்டாம் பாகைக் கால்வாய். அதைத் தாண்டினால் மாலத்தீவு. மக்கள் பேசுவது மஹல், மாலத்தீவின் திவேஹி மொழியோடு ஒட்டிய பேச்சு. தொழிலும் மாலத்தீவுக்காரர்களின் தொழில்தான்: கம்புத் தூண்டிலால் சூரை பிடிப்பது. சூரைக் கூட்டத்துக்கு நடுவே உயிருள்ள சிறுமீனை எறிந்து, கூட்டம் வெறிகொண்டு மேலே வரும்போது மூங்கில் கம்பால் ஒவ்வொன்றாகத் தூக்குவார்கள். தூண்டில் முள்ளில் கொளுவி, அதாவது எதிர்முள், கிடையாது. மீன் தலைக்கு மேலே பறந்து வரும்போது நரம்பு தளர்ந்தால் போதும், தானே கழன்று தளத்தில் விழும். இந்த முறையில் ஆமையோ சுறாவோ டால்பினோ மாட்டிச் சாவது மிக அரிது. உலகத்தில் சூரை பிடிக்கும் வழிகளில் இதைவிடக் கடலுக்குத் தீங்கு குறைந்தது இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால் எறிகிற சிறுமீன் உயிரோடு இருக்க வேண்டும். செத்த மீன் நேராக ஆழத்துக்கு இறங்கிவிடும், சூரை அதைச் சட்டை செய்யாது. உயிருள்ளது மேல்மட்டத்தில் சிதறி ஓடும், படகின் நிழலைத் தேடித் திரும்பி வரும். அதன் பின்னாலேயே சூரையும் வரும். காலையில் பிடித்த விரல் நீள மீனை நண்பகல் வரை, சில நாள் மாலை வரை, துள்ளத் துள்ள வைத்திருப்பதில்தான் அன்றைய கூலி நிற்கிறது. படகைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோரும் இஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்கிறார்கள். சூரைப் படகில் முதலில் கேட்க வேண்டியது இரைத் தொட்டியைப் பற்றி. தீவில் தங்கியிருந்த நாட்களில் இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

படகின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கப்பல்காரர். மினிக்காயில் வீட்டுக்கு வீடு இப்படி ஒருவர் உண்டு. தூத்துக்குடியிலும் சென்னையிலும் சரக்குக் கப்பல் நின்ற நாட்களில் பழகிய தமிழ் அவருடையது. நான் அவரை இக்கா என்று அழைத்தேன். தமிழ் முட்டியபோது இருவரும் மலையாளத்துக்குத் தாவினோம்.

"ஓட்டை திறந்திருக்கிற வரைக்கும் அந்த அறை படகு இல்லை தம்பி, அது கடல்" என்று அவர் சொன்னதை முழுதாகப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொட்டி படகின் நடுவில் இருக்கிறது. ஐந்தடி நீளம், நாலடி அகலம். துளைகள் வழியே வரும் தண்ணீர் வெளியே கடல் எந்த மட்டத்தில் இருக்கிறதோ அந்த மட்டத்துக்கு ஏறி நின்றுவிடும். ஏறக்குறைய இரண்டரை அடி நிற்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 50 கன அடி, அதாவது சுமார் 1,400 லிட்டர். அந்த இடம் இனிப் படகைத் தாங்காது. முன்னாலும் பின்னாலும் உள்ள அறைகள்தான் முழு எடையையும் சுமக்க வேண்டும். அதனால் தொட்டியின் முன்சுவரும் பின்சுவரும் சாதாரணப் பலகைத் தடுப்பாக இருந்தால் ஆகாது. நீர்மட்டத்துக்கு ஓரடிக்கு மேல் உயர்த்தி, படகின் உடம்போடு சேர்த்துப் பைபர் மேட்டை அடுக்கடுக்காக ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் கசிந்தால் இஞ்சின் அறைக்குத் தண்ணீர் போய்விடும்.

நடுவே நெடுக்காக இன்னொரு சுவர். படகு சாயும்போது நாலடி அகலத் தண்ணீர் மொத்தமாக ஒரு பக்கம் ஓடினால் சாய்வு கூடும். அகலத்தை இரண்டாகப் பிரித்தால் அந்த இழுப்பு நாலில் ஒரு பங்காகக் குறைகிறது. இப்படிப் பிரித்ததால் தொட்டிக்குள் எட்டு மூலைகள் வந்தன. அந்த எட்டையும் என் ஊர்க்காரர் ரெசினும் பொடியும் குழைத்து, உள்ளங்கையின் விளிம்பால் தடவித் தடவி வளைவாக்கினார். சிறுமீன் கூட்டம் ஓயாமல் வட்டம் சுற்றும். கூர்மூலை இருந்தால் முன்னால் போகிற மீன் அங்கே முட்டி நிற்கும், பின்னால் வருவது அதன்மேல் மோதும், செதில் உதிரும். செதில் உதிர்ந்த மீன் அன்று மதியத்தைப் பார்க்காது.

துளை போட்டவுடன் அதன் உள்விளிம்பில் கண்ணாடி நாரின் நுனிகள் மயிர் போல நீட்டிக்கொண்டிருந்தன. அப்படியே விட்டால் நார் வழியாகத் தண்ணீர் பைபரின் அடுக்குக்குள் ஊறி, நாளடைவில் அடியே உப்பிப் போகும். உப்புத்தாளால் தேய்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு துளைக்குள்ளும் ரெசின் பூசினார். ஒரு பூச்சுக் காய்ந்து, மறு பூச்சு. பிறகு ஒவ்வொன்றுக்கும் மரத்தில் செதுக்கிய ஆப்பு. இரை தேவையில்லாத நேரம் ஆப்புகளை அடித்துத் தண்ணீரை இறைத்துவிட்டால் படகு எழும்பிவிடும், வேகமும் கூடும். ஆப்பு வேலையை மட்டும் இக்கா வெளியாளிடம் விடவில்லை. தாமே உட்கார்ந்து செதுக்கினார்.

இந்த ஏற்பாடு பைபரோடு வந்ததில்லை. மஸ் ஓடி என்கிற பாய்மரப் படகிலேயே இரை அறையின் அடியில் துளைகள் இருந்தன. ஆட்கள் உள்ளிருந்து தண்ணீரை இடைவிடாமல் இறைப்பார்கள். இறைக்க இறைக்கக் கீழிருந்து புதுக்கடல் ஏறும். மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் மண்டபத்தில் இருந்த காலத்தில், எஸ். ஜோன்ஸ் 1958-ல் மினிக்காயின் உயிர் இரை மீன்பிடிப்பைப் பற்றி விரிவாக எழுதினார். 1960-களில் இயந்திரப் படகுகள் வந்தன. இறைத்த கையின் இடத்தில் பம்பு வந்தது, தத்துவம் அப்படியே நிற்கிறது. பம்பு தொட்டியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, அமரத்தில் கட்டிய துளைக்குழாய் வழியே கடல்மேல் தூவும். அந்தத் தூறலில் கடல் முகம் கலங்குவதைச் சிறுமீன் துள்ளல் என்று சூரை நம்பும். கம்போடு நிற்கிற ஆளும் அதன் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. உறிஞ்சிய அளவுக்குத் தொட்டிக்குள் புதுத் தண்ணீர். ஒரே பம்பில் இரண்டு வேலை. இதைக் கண்டுபிடித்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

தண்ணீர் ஏன் இவ்வளவு வேகமாக மாற வேண்டும்? இந்தக் கடல் 30 டிகிரி வரை சூடேறுகிறது. அந்தச் சூட்டில் கடல்நீர் லிட்டருக்கு 6 மில்லிகிராம் சொச்சம் ஆக்சிஜனைத்தான் பிடித்துவைக்கும். நெருக்கியடித்த மீன் கூட்டம் அதை விரைவில் தின்று தீர்த்துவிடும், கழிவின் அம்மோனியா வேறு சேரும். மணிக்கு ஆறு தடவையாவது தொட்டி முழுதும் மாற வேண்டும் என்பது இக்காவின் கணக்கு. பம்பின் பெட்டியில் அச்சடித்த எண்ணை அவர் நம்பவில்லை. தண்ணீரை மேலே தூக்கி, குழாய் வளைவுகளைத் தாண்டித் தள்ளும்போது அந்த எண் குறைந்துவிடும். அமரத்துக் குழாயின் வாயில் 200 லிட்டர் டிரம்மை வைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை நிமிடத்தில் நிறைந்தது. மணிக்கு 8,000 லிட்டர். ஆறு தடவைக்கு மயிரிழை குறைவு. இஞ்சின் பெல்ட்டின் கப்பியை மாற்றச் சொன்னார்.

தொட்டிக்குள் பித்தளை வால்வு ஒன்று இருந்தது. அதையும் கழற்றச் சொன்னார். செம்பு கலந்த எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, கரைகிற செம்பு சிறுமீனைக் கொல்லும். அதன் இடத்தில் நைலான் வால்வு வந்தது. உட்சுவருக்கு வெளிர்நீல ஜெல்கோட். இருண்ட தொட்டியில் மீன் மிரண்டு ஒதுங்கும் என்பது இவர்கள் அனுபவம். எல்லாம் முடிந்தும் உடனே மீன் விடவில்லை. காய்ந்த ரெசினின் காரநெடி போகும்வரை தண்ணீர் நிரப்புவதும் வடிப்பதுமாக வைத்தார்கள். கடலில் இறக்கும் அவசரம் எனக்குத்தான் இருந்தது, அவர்களுக்கு இல்லை.

இரை பிடிக்கப் போனது காயலுக்குள். தீவின் மேற்கே பவளத்திட்டு வளைத்து வைத்திருக்கும் அகன்ற காயல் அது. நான்கு முனையிலும் கம்பு கட்டிய சதுர வலையை அடியில் இறக்கி, அரைத்த சூரைச் சதையைத் தண்ணீரில் கரைத்தார்கள். சிறுமீன் கூடியதும் நாலு பக்கமும் ஒரே சீராக மேலே தூக்கினார்கள். வலைக்குள் ஹொந்தெலி: முதுகு நீலம், வயிறு வெள்ளி, உடம்பு வெயிலில் ஊடுருவித் தெரிகிற மீன். கையால் யாரும் தொடவில்லை. வலையைப் படகோடு அணைத்து, வாளியால் தண்ணீரோடு மொண்டு தொட்டியில் சாய்த்தார்கள். காற்றில் ஒரு நொடி துள்ளினால்கூடச் செதில் போய்விடும்.

தொட்டிக்குள் கூட்டம் சுற்றத் தொடங்கியது. காயல் வாயைக் கடந்து பம்பின் வேகத்தைக் கூட்டியபோதுதான் கோளாறு தெரிந்தது. பம்பு உறிஞ்சும் வாயில் உள்ளங்கை அகலச் சல்லடை மூடி ஒன்று மாட்டியிருந்தார்கள், பம்போடு வந்தது. அதன்மேல் மீன்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. ஒன்றை இக்கா விரலால் நெம்பி எடுத்துக் காட்டினார். ஒட்டிய பக்கம் முழுக்கச் செதில் இல்லை, தோலில் சல்லடையின் கண்கள் அச்சாகப் பதிந்திருந்தன. மறுபக்கம் பழுதில்லாமல் மின்னியது. செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

அன்று சூரை தேடப் போகவில்லை. மீதமிருந்த மீனைக் காயலிலேயே திறந்துவிட்டுக் கரைக்குத் திரும்பினார்கள். டீசல் செலவு போனது போனதுதான். பாதி செத்தாலும் மீதியை வைத்துப் பார்க்கலாமே என்று யாரும் சொல்லவில்லை. காயலின் இரையை அளவில்லாத சொத்தாக இவர்கள் நினைப்பதில்லை. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் சூடேறி லட்சத்தீவின் பவளங்கள் வெளுத்ததை இவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். போதி போன்ற இரைமீன்கள் பவளக் கிளைகளுக்குள் ஒதுங்கி வாழ்பவை. பவளம் போனால் அவற்றுக்குப் போக்கிடம் இல்லை. தொட்டியில் சாகிற மீனுக்குப் பதில் மீன் அதே காயலிலிருந்துதான் வர வேண்டும். நல்ல தொட்டி என்றால் காயலில் ஒரு வலை குறைவு. மீனவருக்கு உதவுகிற திட்டம் எதுவானாலும் இஞ்சினுக்கும் ஐஸுக்கும் கொடுக்கிற கவனத்தில் பாதியைத் தொட்டிக்கும் கொடுத்தால் நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சமையலறை டப்பாவில் இருக்கிற மாசித் துண்டும் இப்படி ஒரு சிறுமீன் உயிரோடு இருந்ததால் கிடைத்த சூரையிலிருந்து வந்ததாக இருக்கலாம்.

மாற்று வேலை எளிதாக முடிந்தது. தொட்டியின் பின்பக்கம் ஓரடி விட்டு, அகலம் முழுவதும் ஒரு சட்டம் நிறுத்தி, அதில் மென்மையான நைலான் வலைத்துணியை இழுத்துக் கட்டினார்கள். பம்பு இனி அந்தச் சட்டத்துக்குப் பின்னாலிருந்து உறிஞ்சும். நாலடிக்கு இரண்டரை அடி என்றால் 10 சதுர அடி. பழைய மூடியைப் போல நூறு மடங்குக்கு மேல். உறிஞ்சும் தண்ணீர் அதேதான், வலைமேல் அதன் இழுப்பு மட்டும் நூறில் ஒன்றுக்கும் கீழே போய்விட்டது. மறுபடி இரை ஏற்றிப் போனபோது ஹொந்தெலிகள் வலைத்துணிக்கு ஒரு சாண் முன்னாலேயே திரும்பி வட்டமடித்தன. சூரைக் கூட்டம் தென்பட்டது நண்பகல் தாண்டி. இரை எறிகிறவர் சிறு கைவலையில் அள்ளி வீசினார், வீசிய அத்தனையும் நீந்தின. அமரத்தில் நின்றவர்களின் கம்புகள் வளைந்து நிமிர்ந்தன. வரிச் சூரைகள் தளத்தில் விழுந்து வாலால் அடித்த சத்தத்தில் இஞ்சின் சத்தமே கேட்கவில்லை.

கரை சேர்ந்ததும் மீனைப் பார்க்க வந்தவர்களைவிடத் தொட்டிக்குள் எட்டிப் பார்க்க வந்தவர்கள் அதிகம். ஒருவர் கயிற்றால் சட்டத்தின் அளவெடுத்தார். இன்னொருவர் தன் படகுக்கும் இதேபோல வேண்டும், துளைகளின் விளிம்பையும் பார்த்துத் தர வேண்டும் என்றார். என் ஊர்க்காரர் கொச்சிக் கப்பலுக்கு எடுத்திருந்த டிக்கெட்டை மாற்றிக்கொண்டார். நான் திரும்பி வரும்போது, வலைத்துணியும் நைலான் வால்வும் வாங்கிவருகிறவர்களிடம் கொடுக்கச் சொல்லி, அளவெழுதிய சீட்டு ஒன்றை என்னிடம் தந்தார்.